முளைத்த தக்காளி நாற்று ஒரே வாரத்தில் சாய்வது ஏன்?

கேள்வி: வணக்கம் ஐயா. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, கீரை எல்லாம் வருகிறது. தக்காளி மட்டும் போக்குக் காட்டுகிறது. ஆடிப்பெருக்கு அன்று ஒரு தடவை, அதற்குப் பிறகு இரண்டு தடவை விதைத்துவிட்டேன். கடையில் வாங்கிய பாக்கெட் விதை பாதி, சமையலுக்கு வாங்கிய தக்காளியிலிருந்து எடுத்த விதை பாதி. கோகோபீட்டும் பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் வாங்கிய சாணமும் கலந்து, அட்டை முட்டை டிரேயில் நிரப்பி விதைக்கிறேன். நன்றாகத்தான் முளைக்கிறது. ஒரு வாரம், பத்து நாளில் ஒவ்வொன்றாகச் சாய்கிறது. காலையில் நிமிர்ந்து நின்றது சாயங்காலம் படுத்துக் கிடக்கிறது. இலை அப்போதும் பச்சையாகவே இருக்கிறது. சிலவற்றில் இலை நுனி கருகுகிறது. வெயில் படக்கூடாது என்று மாடிப்படி ஹெட் ரூமுக்குள் வைத்திருக்கிறேன். கோகோபீட் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் மூன்று வேளையும் தண்ணீர் தெளிக்கிறேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குத்தான் விடுகிறேன். மாமியார் அடுப்புச் சாம்பல் தூவச் சொன்னார், தூவினேன். யூடியூபில் பார்த்துப் பட்டைத் தூளும் போட்டேன். கடைசியாக விதைத்ததில் ஏழெட்டு நாற்று மிஞ்சியிருக்கிறது. இதையாவது காப்பாற்ற வழி உண்டா? சென்னையில் தக்காளியே வராது என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வணக்கம் அம்மா. முதலில் விதையின் மேல் இருக்கும் சந்தேகத்தை விடுங்கள். முளைத்து வந்த பிறகு சாய்வதால் விதையில் குற்றமில்லை. உங்கள் நாற்றுக்கு வந்திருப்பது நாற்றழுகல். தக்காளி, மிளகாய், கத்தரி என்று நாற்று விட்டு நடும் பயிர் எல்லாவற்றிலும் வருவதுதான். தொழில்முறை நாற்றங்கால்காரர்களுக்கும் மழைக்காலத்தில் இதே தலைவலி. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தொல்லையும் உங்கள் டிரேயில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். சாய்ந்த நாற்றை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. நீங்கள் பார்க்கும்போது அதன் தண்டு அடியில் அழுகி முடிந்திருக்கும். இலை இன்னும் பச்சையாக இருப்பது, அதில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தால். அதனால்தான் காலையில் நன்றாக நின்றது சாயங்காலம் விழுந்ததாகத் தெரிகிறது. உண்மையில் இரண்டு நாள் முன்பே காரியம் கெட்டுவிட்டது. நாற்றழுகலுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் விதைக்கும் முன்பும், விதைத்த முதல் பத்து நாளிலும் செய்வதுதான்.

அடுத்து ஒன்று சாய்ந்தால் தூக்கி எறிவதற்கு முன் இப்படிப் பாருங்கள். ஒரு ஸ்பூனால் அடியோடு நெம்பி எடுத்து, ஒரு கிண்ணத் தண்ணீரில் மெதுவாக அலசி, உள்ளங்கையில் வையுங்கள். மண்மட்டத்தில் தண்டு கண்ணாடிபோல் நீர் கோத்து, பழுப்பேறி, மேல் தண்டைவிடப் பாதியாகச் சிறுத்திருக்கும். வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வர, உள்ளே நூலளவு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் என்ற பூஞ்சாண வகையின் வேலை. தோல் வழுக்காமல், தண்டின் அடி செம்பழுப்பாகி, உலர்ந்து கம்பியாக இறுகியிருந்தால் ரைசோக்டோனியா. இரண்டுமே மண்ணிலும் பழைய தொட்டியிலும் அழுக்குக் குடத்திலும் காத்திருப்பவை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பித்தியமாகத்தான் இருக்க வேண்டும். சொட்டச் சொட்ட ஈரம், மூடிய அறை, நம் ஊர் வெக்கை மூன்றும் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றனவே.

பூஞ்சாண வகை என்று சொன்னாலும் பித்தியம் அசல் பூஞ்சாணம் அல்ல. பாசி இனத்துக்கு நெருங்கிய உறவு. அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். ஊடகத்தின், அதாவது நாற்று விட நிரப்பும் கோகோபீட் கலவையின், துளைகளில் தண்ணீர் தேங்கி நின்றால் ஒரு நாற்றிலிருந்து பக்கத்து நாற்றுக்கு நீந்தியே போய்விடும். தண்ணீர் வடிந்து துளைகளில் காற்று நிறைந்தால் அதற்கு வழி அடைபட்டுப் போகும். உங்கள் டிரேயில் ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகச் சாய்ந்திருந்தால் இதுதான் காரணம்.

இப்போது கோகோபீட்டுக்கு வருவோம். மாடித் தோட்டக்காரர்களில் நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. தென்னை நார்க்கழிவு மேலே சீக்கிரம் காய்ந்து வெளிர் பழுப்பாகிவிடும். பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் கேட்பதாகத் தோன்றும். அரை அங்குலம் கீழே விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் அப்படியே இருக்கும். டிரேயின் அடியில் சேறாகவே இருக்கும். நீங்கள் மூன்று வேளை தெளித்தது மேல்தோலின் நிறத்தைப் பார்த்துத்தான். நிறத்தை நம்பாதீர்கள், எடையை நம்புங்கள். தண்ணீர் விட்டு வடிந்ததும் டிரேயை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் மறுபடி தூக்குங்கள். நன்றாக லேசாகியிருந்தால் மட்டும் தண்ணீர். இல்லையென்றால் அன்று விடுமுறை. ஆவணி, புரட்டாசியில் மேகமூட்டமான நாட்களில் இரண்டு நாளுக்கு ஒரு தடவை போதும் என்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

விடும் தண்ணீரையும் மேலிருந்து தெளிக்க வேண்டாம். ஒரு தாம்பாளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி, அதில் நாற்றுத் தட்டை வைத்து, பத்து நிமிடம் கழித்து எடுத்துவிடுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், மேற்பரப்பும் தண்டின் கழுத்தும் உலர்ந்தே இருக்கும். இதைக் காலையில் மட்டும் செய்யுங்கள். சாயங்காலம் தண்ணீர் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும், அழுகலுக்கு அது விருந்து. தாம்பாளத் தண்ணீர் மிஞ்சினால் அதை அடுத்த தட்டுக்கு வைக்காதீர்கள். நோய் இருந்தால் அதிலேயே பரவிவிடும். வாழைக்கோ முருங்கைக்கோ ஊற்றிவிடுங்கள்.

மேலே சொன்ன இன்னொரு தொல்லை, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த மெஷின் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அத்தனையும் அந்தக் கழிவில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருவதே போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். கோகோபீட்டிலும் இயல்பாகவே உப்பு உண்டு. அதற்கு மேல் சாம்பலும் ஓர் உப்புதான். இலை நுனி கருகுவது இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை. உப்பில் வேர் நுனி கருகிய நாற்றை அழுகல் இன்னும் சுலபமாகப் பிடிக்கும். ஆர்.ஓ. கழிவை வீடு துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுக்கு மெட்ரோ தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் விடலாம். மழை நீர் கிடைத்தால் அதைவிட மேல். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாதது, நாற்றுக்குத் தாராளமாக விடலாம். குழாயில் படிந்த அழுக்கு வராமல் ஒரு துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சாணத்தைப் பற்றி. மாட்டுக்காரரிடம் வாங்கியது எத்தனை மாதம் மக்கியது என்று நீங்கள் எழுதவில்லை. வாசனை அடித்தாலும், கையில் எடுத்தால் சூடு தெரிந்தாலும், புல் இழை அப்படியே தெரிந்தாலும் அது நாற்றுக்கு ஆகாது. மக்காத சாணத்திலிருந்து வரும் அமோனியா இளம் வேரைச் சுட்டுவிடும். வேப்பம் புண்ணாக்கும் அப்படித்தான். நல்ல உரம், ஆனால் நட்ட செடிக்கு. நாற்று ஊடகத்தில் புதிதாகக் கலந்தால் முளையே கெடும். தக்காளி விதை தன் சாப்பாட்டைத் தானே கொண்டு வருகிறது. முதல் இரண்டு வாரத்துக்கு அதற்கு உரமே வேண்டாம் என்று சொன்னால் நம்புவதற்குப் பலருக்கு மனம் வருவதில்லை.

மாமியார் சொன்ன சாம்பலை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் மேட்டுப்பாத்தியில், மண்ணில் விடும் நாற்றங்காலில் அது மேல்மண்ணை உலர்த்தும், எறும்பையும் கொஞ்சம் தள்ளி வைக்கும். உங்கள் முட்டை டிரேயில் ஏற்கெனவே உப்பு கூடிக் கிடக்கிறது, அங்கே அது வேண்டாம். பட்டைத் தூள் விவகாரம் வேறு. பட்டையில் பூஞ்சாணத்தைத் தடுக்கும் சத்து இருப்பது உண்மை. மேலே தூவினால் மேலேயேதான் கிடக்கும். அழுகல் நடப்பதோ கீழே, ஈரத்துக்குள். தண்ணீரைக் குறைக்காமல் பட்டைத் தூள் போட்டுப் பயனில்லை, தண்ணீரைக் குறைத்த பிறகு பட்டைத் தூளுக்கு வேலையும் இல்லை. மஞ்சள் தூளுக்கும் பெருங்காயத்துக்கும் இதே பதில்தான். அந்தப் பட்டையைக் குருமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் நிஜமாகவே உதவுவது எது? டிரைக்கோடெர்மா விரிடி. இது நல்ல பூஞ்சாணம்; கெட்டதைத் தின்றும் நெருக்கியும் வேரைச் சுற்றி இடம் பிடித்துக்கொள்ளும். உரக்கடையில் வெள்ளை மாவுப் பொடியாகக் கிடைக்கும். தயாரித்த தேதியைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாலைந்து மாதத்துக்கு மேல் பழையது, கடை வாசலில் வெயிலில் தொங்கியது என்றால் உள்ளே இருப்பது வெறும் மாவுதான். ஒரு கிலோ ஊடகத்துக்கு 10 கிராம் வீதம் கலந்து, கையில் பிடித்தால் பிடி நிற்கும் அளவு ஈரமாக்கி, சாக்குப் போட்டு மூடி, நிழலில் ஒரு வாரம் பத்து நாள் வைத்த பிறகு விதையுங்கள். கலந்த அன்றே விதைத்தால் அதற்குப் பெருகக் காலம் கிடைக்காது. விதைக்கும் ஒரு சிட்டிகை பூசலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது சிபாரிசு, உங்களுக்கு வேண்டியது விரல் நுனியில் ஒட்டும் அளவுதான். சூடோமோனாஸ் கிடைத்தால் அதையும் விதைக்குப் பூசலாம், அது பாக்டீரியா, இதுவும் நாற்றழுகலுக்குக் கேட்கும்.

டிரைக்கோடெர்மா போட்ட டிரேயில் பூஞ்சாணக்கொல்லி எதையும் ஊற்றாதீர்கள். நல்லது கெட்டது பார்த்துக் கொல்ல அதற்குத் தெரியாது. அழுகல் தொடங்கியே விட்டது, மிச்சத்தை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்ற கட்டத்தில் மட்டும் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு இரண்டரை கிராம், கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். கையுறை போடுங்கள், சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள். மாடியில் பத்து நாற்றுக்காக இதை வாங்கி வைப்பது எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. பத்து விதை கூடப் போடுவது மலிவு.

அடுத்த விதைப்பை இப்படிச் செய்யுங்கள். கோகோபீட் கட்டியை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற வையுங்கள். காப்பி நிறத்தில் இறங்கும் தண்ணீர் வெளுக்கும் வரை மூன்று நான்கு தடவை அலசினால் உப்பு பெரும்பாலும் போய்விடும். கடைசியில் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைத்து, ஆறியதும் பிழிந்துகொள்ளுங்கள். 60 டிகிரி ஈரச் சூட்டில் அரை மணி நேரம் இருந்தால் நாற்றழுகல் பூஞ்சாணங்கள் பிழைப்பதில்லை. கொஞ்சமாக இருந்தால்தான் இது நடக்கும் காரியம்; மூட்டை கணக்கில் என்றால் அக்னி நட்சத்திர வெயிலில் ஈரமாக்கி, கண்ணாடி பாலித்தீன் தாளில் மூடி, ஒரு மாதத்துக்கு மேல் மாடியில் காயப்போடுவதுதான் வழி. பிழிந்த கோகோபீட் மூன்று பங்குக்குச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. வடிகால் கூட வேண்டும் என்றால் உமிக்கரி ஒரு கைப்பிடி. பீச் மணலை அள்ளி வந்து கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து வேண்டாம், அதுவும் உப்பு. டிரைக்கோடெர்மா கலப்பது இந்த வெந்நீர் வேலையெல்லாம் முடிந்து, ஊடகம் ஆறிய பிறகு.

முட்டை அட்டையை விட்டுவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பள்ளமும் போதாது, வேர் ஒரே வாரத்தில் அடியைத் தொட்டுவிடும். 98 குழி உள்ள நாற்றுத் தட்டு மலிவாகவே கிடைக்கிறது. வீட்டுக்குப் பெரிய குழி உள்ள 50 குழித் தட்டு இன்னும் வசதி. அதுவும் இல்லையென்றால் அடியில் மூன்று ஓட்டை போட்ட பேப்பர் கப். பழைய தட்டு என்றால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே நிரப்புங்கள். குழிக்கு இரண்டு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். மேலே ஊடகத்தை லேசாகத் தூவி விரலால் அழுத்துங்கள். ஒரு கிராமில் ஏறக்குறைய 300 தக்காளி விதை இருக்கும், கை தாராளமாக விழுவது சுலபம். நெருக்கமாக விழுந்த இடத்தில்தான் அழுகல் முதலில் குடியேறும். இரண்டும் முளைத்தால் ஒன்றைப் பிடுங்க வேண்டாம், கத்தரிக்கோலால் அடியில் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அசையும்.

ஹெட் ரூமில் முளைக்கும் வரைதான் வேலை. நம் ஊர்ச் சூட்டில் ஐந்தாறு நாளில் முளைத்துவிடும். முதல் முளை தலை தூக்கியதும், மற்றவற்றுக்காகக் காத்திராமல், தட்டை வெளியே கொண்டு வந்துவிடுங்கள். இருட்டில் நாற்று வெளிச்சத்தைத் தேடி நீளும், தண்டு வெந்த சேமியா மாதிரி ஆகும். அப்படிப்பட்ட தண்டுக்கு அழுகல் வருவது நிச்சயம். மாடியின் கிழக்குப் பக்கம், காலை பத்து மணி வரை வெயில், பிறகு 50 சதவீதப் பச்சை நிழல் வலை. தட்டைத் தரையில் வைக்க வேண்டாம். சிமென்ட் தளம் மதியம் கொதிக்கும், கறுப்புத் தட்டு அதைவிடக் கொதிக்கும். ஒரு பழைய ஸ்டூல், நாலு செங்கல் மேல் பலகை, ஏதாவது ஒன்று. அடியில் காற்று ஓடினால் சூடும் குறையும், தண்ணீரும் வடியும். மழை வரும் நாட்களில் மேலே ஒரு கண்ணாடி பாலித்தீன் ஷீட்டை உயரமாகக் கட்டுங்கள், பக்கங்களைத் திறந்து விட்டு. மூட்டையாகக் கட்டினால் பழைய கதைதான்.

விதைக்கும்போது மொத்தப் பாக்கெட்டையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். ஒரு தட்டு போனாலும் இன்னொன்று இருக்கும். சான்று பெற்ற தக்காளி விதைக்கே 70 சதவீத முளைப்புதான் குறைந்தபட்ச வரம்பு. நூறு போட்டு முப்பது முளைக்கவில்லை என்றால் அது கணக்கில் உள்ளதுதான். அதற்காக விதைக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மிச்ச விதையை அலமாரியில் வைக்காமல் காற்றுப் புகாத டப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் விதை சீக்கிரம் கிழடாகிவிடும். பாக்கெட்டில் விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி இருந்தால் அது ஏற்கெனவே மருந்து பூசியது. ஊற வைக்கக் கூடாது, டிரைக்கோடெர்மாவும் பூசக் கூடாது, தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

நாற்று போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதைத்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை, கிளறினால் விதையே இல்லை என்றால் எறும்பு தூக்கிப் போயிருக்கும். ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். தலை மட்டும் காணோம், தண்டு நிற்கிறது என்றால் அணிலோ குருவியோ. ராத்திரியில் காணாமல் போய், பக்கத்தில் பளபளவென்று கோடு தெரிந்தால் நத்தை. மழை விட்ட இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் கையும் களவுமாகச் சிக்கும். இலை முதலில் துவண்டு, தண்டு அடியில் கெட்டியாகவே இருந்தால் அது வெறும் தாகம். இதற்கு மட்டும்தான் தண்ணீர் மருந்து.

சென்னையில் தக்காளி வராது என்பது பாதி உண்மை. கோயம்பேட்டுக்கு வரும் தக்காளி பெரும்பாலும் மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி பக்கத்து மேட்டு நிலங்களிலிருந்து வருகிறது. கோலார் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம், அங்கே ராத்திரி குளிரும். தக்காளிப் பூ காயாக மாற ராத்திரி குளிர வேண்டும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சித்திரை வைகாசியில் நம் மாடியில் செடி தளதளவென்று வளர்ந்து, பூத்துப் பூத்துக் கொட்டுவது இதனால்தான். மருந்துக் கடையில் பூ உதிர்வுக்கு என்று விற்பதை வாங்கி அடித்தாலும் ராத்திரி குளிராது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். மானாவாரிக்கு அது சரி, சென்னை மாடித் தக்காளிக்குப் பொருந்தாது. ஆடியில் விதைத்தால் புரட்டாசிப் புழுக்கத்தில் பூக்கும், பிஞ்சு பிடிக்கும் நேரம் ஐப்பசி மழை கொட்டும். இங்கே வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் பெய்கிறது. அதனால் கூரைக்கு அடியில் ஐப்பசி நடுவில் விதையுங்கள். நாலு வாரத்தில், கார்த்திகையில் பைக்கு மாற்றலாம். மார்கழி கடைசியில் பூக்கும், ராத்திரி 21, 22 டிகிரி இருக்கும் நாட்கள் அவை. மாசியிலும் பங்குனியிலும் பறிக்கலாம். கார்த்திகை கடைசி வரை விதைப்புக்கு இடமுண்டு. அதற்கு மேல் தள்ளிப்போனால் வெயில் முந்திக்கொள்ளும். ரகம் என்றால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1 நம் பக்கத்துச் சூட்டுக்குப் பழகியது, விதையை எடுத்து வைத்துக்கொள்ளவும் செய்யலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் கலப்பினம். இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும், ஆனால் விதையை ஒவ்வொரு தடவையும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

சமையல் தக்காளியிலிருந்து எடுத்த விதை முளைக்கும், தடையில்லை. கெட்டித் தோலோடு நீளவாட்டத்தில் வரும் பெங்களூர்த் தக்காளி அநேகமாகக் கலப்பினம். அதன் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு தினுசாக இருக்கும். நாட்டுத் தக்காளி என்றால் நன்கு பழுத்ததைப் பிழிந்து, விதையைச் சாறோடு ஒரு நாள் புளிக்க வைத்து, வழுவழுப்புப் போகக் கழுவி, நிழலில் காய வையுங்கள். நம் ஊரில் இரண்டு நாள் விட்டால் உள்ளேயே முளை கட்டிவிடும்.

மிஞ்சிய ஏழெட்டு நாற்றுக்கு வருகிறேன். இன்றே தண்ணீரை நிறுத்துங்கள். சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள ஊடகத்தோடு அள்ளிப் போட்டுவிடுங்கள். நிற்பவற்றில் நாலு இலை வந்திருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும், தண்டு முற்றினால் அழுகல் அவ்வளவாகப் பிடிக்காது. அவற்றை முட்டை டிரே அட்டையோடு வெட்டாமல், ஸ்பூனால் வேரோடு எடுத்து, புதிதாக அலசிய கோகோபீட் நிரப்பிய கப்புகளுக்கு மாற்றுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள்; இலை போனால் வேறு வரும், தண்டு நசுங்கினால் முடிந்தது. இவை வளர்ந்தாலும் ஆடித் தக்காளிதான், பெரிதாகக் காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழகிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிரேயின் ஊடகத்தை நாற்றுக்கு மறுபடி பயன்படுத்தாமல் வாழைத் தொட்டியில் கொட்டிவிடுங்கள், அங்கே அது தீங்கு செய்யாது.

புதிய நாற்றைக் காப்பாற்றிய பிறகு அடுத்த எதிரி வெள்ளை ஈ. இலைச்சுருள் நச்சுயிரியை அதுதான் கொண்டு வரும், நாற்றுப் பருவத்தில் தொற்றினால் செடி கடைசி வரை குட்டையாகவே நிற்கும். கொசுவலை போர்த்தினால் போதும் என்று நினைப்பார்கள்; கொசுவலை ஓட்டை வழியாக வெள்ளை ஈ உள்ளே போகும். 40 அல்லது 50 மெஷ் என்று கேட்டுப் பூச்சி வலையாக வாங்குங்கள். மாற்றி நடுவதற்கு நாலைந்து நாள் முன்பு தண்ணீரைக் குறைத்து, வெயில் நேரத்தைக் கூட்டுங்கள். சாயங்காலம் நடுங்கள். தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும், அதனால் முதல் இலைகள் வரை ஆழமாகப் புதைக்கலாம். கத்தரி நட்ட பழக்கத்தில் மேலாக நட்டுவிடாதீர்கள்.

கையால் செய்து பார்த்துக் கற்க விருப்பமிருந்தால் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல், பயிற்சி மையம் இருக்கிறது. மாடித் தோட்டப் பயிற்சி நடத்துகிறார்கள். ஐப்பசிக்குள் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள். அடுத்த விதைப்பிலும் சாய்ந்தால் தாராளமாக எழுதுங்கள். படம் அனுப்பினால் டிரே முழுவதையும் மேலிருந்து எடுத்து அனுப்பாதீர்கள், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது. சாய்ந்த ஒன்றை வேரோடு எடுத்து, அலசி, வெள்ளைத் தாளில் படுக்க வைத்து, தண்டும் வேரும் சேரும் இடம் தெளிவாகத் தெரியும்படி அருகில் எடுங்கள். கடைசியாக எப்போது, என்ன தண்ணீர் விட்டீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.